முதற்கொடை யாருடையது?

சித்திரப் படம் என்றாலே சிறுவர்க்கானது என்று ஒதுக்கிவிடுகிறோம். டிஸ்னி நிறுவனம் 2021-இல் வெளியிட்ட ‘ராயாவும் இறுதி டிராகனும்’ அங்ஙனம் ஒதுக்கத்தக்கதன்று.

கதை நிகழுமிடம் குமாந்திரா என்னும் கற்பனை நாடு. டிராகனைப் போல் வளைந்தோடும் ஓர் ஆறு. இதயம், கோரைப்பல், முதுகெலும்பு, உகிர், வால் என அதன் உறுப்புகளையே பெயராகக் கொண்ட ஐந்து பிரிவுகள். மாய மணி ஒன்றுக்காக அவை மோதுகின்றன. மணி ஐந்து துண்டாகிறது. மனிதரைக் கல்லாக்கும் ‘துருன்’ எங்கும் பரவுகிறது.

கற்பனை நாடெனினும் அதன் மண் தென்கிழக்காசிய மண். படத்தை எழுதிய இருவருள் அடேல் லிம் மலேசியாவில் பிறந்தவர். கூய் நுயென் வியட்நாமிய வழியினர். ராயாவின் வாள் கெரிஸை நினைவூட்டும். சண்டைகளில் சிலாட்டின் சாயல் உண்டு. நீரோடு உறவுடைய சிசு என்னும் டிராகனுக்கு மூலம் அந்நாடுகளின் நாகமாம். நாகம் நமக்கும் அயலான சொல்லன்று! பல பண்பாடுகளை ஒன்றாகக் கலந்துவிட்டனர் என்னும் குறை நியாயமானதே. ஆயினும் ராயாவின் தந்தை பெஞ்சா சமைக்கும் சூப்பைப் பாருங்கள்: வாலின் இறால் விழுது, உகிரின் எலுமிச்சைப் புல், முதுகெலும்பின் மூங்கில் குருத்து, கோரைப்பல்லின் மிளகாய், இதயத்தின் பனைவெல்லம். (நம் விடுதி உணவறையிலோ மொழிக்கொரு மேசை!)

இனி நம்பிக்கைக்கு வருவோம். சான்று கேட்கப் பழகிய அறிவியல் மாணவன் நான்; ஆதலின் என் மனம் முதலில் ராயாவின் பக்கமே நின்றது. சிறுமியாய் இருந்தபோது நமாரியை நம்பி ஏமாந்தவள் அவள். பிறர் தகுதியை மெய்ப்பித்த பின்னரே நம்பலாம் என்கிறாள். முதலில் நாம் கொடுப்போம் என்கிறது சிசு. இரு தரப்பும் சான்றுக்குக் காத்திருந்தால் சான்று பிறப்பதெங்ஙனம்?

நமாரி விசைவில்லை நீட்டி நிற்கும் காட்சியே படத்தின் உயிர். சிசு கனிவாகப் பேச, அவள் தயங்குகிறாள். விசைமேல் அவள் விரல் அசையக் கண்ட ராயா வாளை வீசுகிறாள். அம்பு பாய்ந்து சிசு வீழ்கிறது. வாள் வீசாதிருந்தால் நமாரி எய்திருப்பாளா? படம் விடை கூறவில்லை. அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இறுதியில் துருன் சூழ்ந்தபோது, ராயா தன் துண்டை அதே நமாரியின் கையில் வைத்துக் கல்லாகிறாள். தோழர்களும் தத்தம் துண்டுகளை அளித்துக் கல்லாகின்றனர். தப்பிச் செல்லும் வழி நமாரிக்குத் திறந்தே இருக்கிறது. அவள் சற்றே திரும்பிப் பார்க்கிறாள். பின் மண்டியிட்டு, துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துகிறாள்.