அடியில் நிற்கும் எண்ணைத் தொடாதே

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். மெக்னீசியம் நாடா எரியும் வினையில் வலப்பக்கம் ஓர் ஆக்சிஜன் குறைகிறது என்று கண்டுபிடித்துவிட்டாய். அதுவரை சரி. அதை ஈடுகட்ட மெக்னீசியம் ஆக்சைடின் அடியில் ஒரு 2 போட்டிருக்கிறாயே, அங்கேதான் தவறு. எண்ணிக்கை பொருந்திவிட்டது. ஆனால் நாடா எரிந்தபின் கிடைக்கும் வெள்ளைத் தூள் நீ எழுதிய பொருள் அல்ல.

சமன்பாட்டில் இரண்டு வகை எண்கள் உண்டு. வாய்ப்பாட்டின் அடியில் சிறிதாக நிற்கும் எண், அந்தப் பொருள் எது என்பதைச் சொல்கிறது. மெக்னீசியத்தின் இணைதிறன் 2, ஆக்சிஜனுக்கும் 2. அதனால் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்கின்றன. அதை மாற்ற நமக்கு உரிமை கிடையாது. வாய்ப்பாட்டுக்கு முன்னால் எழுதும் எண், எத்தனை என்பதைச் சொல்கிறது. நம் கையில் இருப்பது அது ஒன்றுதான். இரண்டு மெக்னீசியம், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு மெக்னீசியம் ஆக்சைடு: வினை சமன் ஆயிற்று.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீரின் வாய்ப்பாட்டில் ஆக்சிஜனுக்கு அடியில் ஒரு 2 சேர்த்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, குடிக்க முடியாது. கார்பன் டைஆக்சைடின் 2-ஐ அழித்தால், நாம் மூச்சில் வெளிவிடும் வாயு, மூடிய அறையில் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடாக மாறிவிடும்.

உங்கள் வீட்டு அடுப்பையே எடுத்துக்கொள். சிலிண்டரில் இருப்பது புரப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. புரப்பேனில் மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன். முதலில் கார்பனை எண்ணு: மூன்று கார்பன் டைஆக்சைடு. அடுத்து ஹைட்ரஜன்: எட்டு இருப்பதால் நான்கு தண்ணீர். ஆக்சிஜன் தனியாக நிற்கும் தனிமம். அதன் முன்னெண்ணை மாற்றினால் வேறெந்தக் கணக்கும் கலையாது. ஆகவே அதைக் கடைசியில் வைத்துக்கொள். வலப்பக்கம் ஆறும் நான்கும் பத்து அணுக்கள். எனவே ஐந்து ஆக்சிஜன் மூலக்கூறுகள். எடையிலும் சரிபார்க்கலாம். 44 கிராம் புரப்பேனும் 160 கிராம் ஆக்சிஜனும் சேர்ந்து 204. வெளியே வருவது 132 கிராம் கார்பன் டைஆக்சைடு, 72 கிராம் நீராவி. அதுவும் 204.

அந்த ஐந்து வெறும் தேர்வு விடை இல்லை. ஒரு லிட்டர் புரப்பேன் வாயு முழுதாக எரிய ஐந்து லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால், சுமார் 24 லிட்டர் காற்று தேவை. காற்றுப் போக்கில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் அவ்வளவு ஆக்சிஜன் கிடைக்காது. அப்போது நடப்பது வேறு வினை: இரண்டு புரப்பேனுக்கு ஏழே ஆக்சிஜன், விளைவது ஆறு கார்பன் மோனாக்சைடும் எட்டுத் தண்ணீரும். எண்ணிப் பார், அதுவும் சமன் ஆகும். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயுவால் உயிர்கள் போயிருக்கின்றன.

இந்தக் கணக்கு நமக்குக் கிடைக்கத் தராசு வேண்டியிருந்தது. பிரான்ஸ் நாட்டின் லவாய்சியர் 1774-இல் மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் கலத்தில் வெள்ளீயத்தைச் சூடாக்கி நிறுத்தார். உலோகம் உருமாறியது, கலத்தின் மொத்த எடை மாறவில்லை. அணுக்கள் இடம் மாறிச் சேர்கின்றனவே தவிர, புதிதாகப் பிறப்பதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை. நீ இரண்டு பக்கத்தையும் எண்ணுவது அந்த உண்மையை நம்பித்தான்.

ஆகவே இணைதிறன் பட்டியலை முதலில் மனப்பாடம் செய். என் மாணவர்களில் பலர் தடுமாறியது எண்ணுவதில் அல்ல, வாய்ப்பாட்டைப் பிழையாக எழுதியதில். சல்பேட், நைட்ரேட் போன்றவை இரண்டு பக்கமும் உடையாமல் வந்தால், அவற்றை ஒரே தொகுதியாக எண்ணலாம், வேலை பாதியாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாள் ஒத்துக்கொண்டதெல்லாம் குடுவையில் நடக்காது. தாமிரமும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் தருவதாக எழுதி அழகாகச் சமன் செய்துவிடலாம். ஆனால் தாமிரத்தால் அந்த அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்ற முடியாது. வினை நடக்கிறதா என்பதை ஆய்வகத்தில் கேள். எவ்வளவு என்பதை மட்டும் சமன்பாட்டிடம் கேள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பியூட்டேன் முழுதாக எரிவதை நீயே எழுது. நான்கு கார்பன், பத்து ஹைட்ரஜன். ஆக்சிஜன் ஆறரை என்று வரும், பயப்படாதே. எல்லா முன்னெண்களையும் இரட்டிப்பாக்கு. கைடைப் பார்க்காமல் செய்து எனக்கு அனுப்பு. அப்படியே உங்கள் குளியலறைக் கீசர் எந்த வகை, காற்றுப் போக வழி இருக்கிறதா என்று அப்பாவிடம் இன்றைக்கே கேள்.

அன்புடன்,
உன் சித்தி