அடுத்த பாடம் காத்திருக்கட்டும்

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்த பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "கணக்குக்கு எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். தமிழையும் அறிவியலையும் எப்படியும் சமாளித்துவிடலாம் என்று தைரியமாக இருப்பவர்கள்கூட கணக்கு என்றதும் தயங்குகிறார்கள். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இப்படிப்பட்ட குடும்பங்களோடு உட்கார்ந்து பல பாடத்திட்டங்களைப் படித்துப் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளோடு போட்டும் பார்த்திருக்கிறேன். முழுத்தேர்ச்சி முறையில், அதாவது பலரும் மாஸ்டரி முறை என்று சொல்வதில், கணிதம் தொடங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியவை இவை.

1. முறை என்ன என்பதை முதலில் கண்ணால் பாருங்கள். நம் சமச்சீர் தொடக்க வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுங்கள். ஒரே பருவத்துக்குள் வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள், நேரம், தகவல் செயலாக்கம் என்று பல அலகுகள் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அடுத்த பருவத்தில் அவையே இன்னும் சற்றுக் கூடுதலாக வரும். இது சுழல் முறை. இப்போது அமெரிக்காவில் ஸ்டீவ் டெம்மி உருவாக்கிய மேத்-யூ-சீ பாடத்திட்டத்தைப் பாருங்கள். காமா என்ற நிலை முழுவதும் பெருக்கல், அடுத்த டெல்டா முழுவதும் வகுத்தல், அதற்கடுத்த எப்சிலான் முழுவதும் பின்னம். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடுவதில்லை. இந்தச் சிந்தனையைக் கல்வியுலகில் நிலைநாட்டியவர் பெஞ்சமின் புளூம். 1968-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: வகுப்பறையில் எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் தருகிறோம், அதனால் ஆளுக்கு ஓர் அளவு கற்கிறார்கள். எல்லாரும் முழுமையாகக் கற்கவேண்டுமானால் நேரம்தான் ஆளுக்கு ஆள் மாறவேண்டும். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது பெரும்பாடு. உங்கள் வீட்டில் இருப்பது ஒரு பிள்ளை, அல்லது இரண்டு. தனியாக ஒருவருக்குச் சொல்லித்தருவதன் பலனைப் பற்றி 1984-இல் புளூம் காட்டிய கணக்கு மிகப் பெரியது. பிற்கால ஆய்வாளர்களுக்கு அவ்வளவு கிடைக்கவில்லை. கிடைத்ததே கணிசமானதுதான்.

2. அட்டையில் மாஸ்டரி என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நான் பார்ப்பது ஒன்றுதான். அலகுத் தேர்வில் பிள்ளை பாதிதான் சரியாகப் போட்டது என்றால், அதற்கு அந்தப் புத்தகம் என்ன வழி வைத்திருக்கிறது? அதே கருத்தை வேறு விதமாக விளக்கும் பக்கம் உண்டா, கூடுதல் பயிற்சி உண்டா, மறுதேர்வு உண்டா? புளூம் வலியுறுத்தியதும் இந்தத் திருத்தத்தைத்தான். மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்கு அனுப்பும் புத்தகம் எப்பெயர் வைத்துக்கொண்டாலும் முழுத்தேர்ச்சிப் புத்தகம் ஆகாது.

3. வயதைப் பார்த்து நிலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிங்கப்பூர் மேத், மேத்-யூ-சீ, மேத் மேமத் போன்ற பாடத்திட்டங்களுக்கு நிலை அறியும் தேர்வுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பணம் கட்டும் முன் அதை எழுதவையுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை இரண்டாம் நிலையில் வந்து நிற்கிறது என்றால் பதறவேண்டாம். 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம்கூட ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றிருக்கும் நிலையை வைத்துத்தான் பிரித்தது.

தேர்வுத்தாள் சொல்லாததைக் கண்டுபிடிக்க ஒரு கணக்குத் தருகிறேன். 503-இலிருந்து 278-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 225 என்று வந்தாலும் விடாதீர்கள். "நடுவில் இருந்த சைபர் எப்படி ஒன்பது ஆயிற்று?" என்று கேளுங்கள். நூறு ஒன்றைப் பத்துப் பத்தாகப் பிரித்து, அதில் ஒரு பத்தை ஒன்றுகளாக மாற்றினேன் என்ற பொருளில் எதையாவது சொன்னால் இடமதிப்பு வந்துவிட்டது. "அப்படித்தான் போடணும்" என்றால் வரவில்லை. நீள்வகுத்தலில் அழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சிக்கல் வகுத்தலில் இல்லை, இந்த இடமதிப்பிலும் வாய்ப்பாட்டிலும்தான் இருக்கிறது.

4. பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்தைவிட உங்களுக்கான கையேட்டை உற்றுப் படியுங்கள். என் எல்லா அறிவுரைகளிலும் முக்கியமானது இதுதான், அதனால் சற்று விரித்துச் சொல்கிறேன். லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க, சீனத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, ஒன்றே முக்காலை அரையால் வகுத்தால் என்ன, அதற்கு ஒரு வாழ்க்கைக் கணக்கு சொல்லுங்கள் என்பது. சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகப் போட்டார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் முழுதாகச் சரியான விடைக்கு வந்தவர்கள் 9 பேர். கதை சொல்லச் சொன்னபோது பலர் அரையால் வகுப்பதற்குப் பதிலாக இரண்டால் வகுக்கும் கதையைச் சொன்னார்கள். இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு எவ்வளவு என்பது போல.

இதை நீங்கள் இப்போதே செய்து பாருங்கள். ஒன்றே முக்கால் லிட்டர் பால் இருக்கிறது, அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் எத்தனை பாட்டில் நிறையும்? மூன்று பாட்டில் நிறைந்து நாலாவது பாதி வரும், ஆக மூன்றரை. இந்தக் கதை உங்களுக்கு வரவில்லை என்றால் கணிதம் வராதவர் என்று அர்த்தமில்லை. நமக்கெல்லாம் "தலைகீழாக்கிப் பெருக்கு" என்றுதானே சொல்லித்தந்தார்கள். ஆனால் பிள்ளையோடு உட்காரும் முன் இதைச் சொல்லித்தரும் கையேடு உங்கள் கையில் இருக்கவேண்டும். விடைப்பட்டியல் மட்டும் உள்ள கையேட்டை நம்பி இறங்காதீர்கள். இந்தக் கருத்தில் பிள்ளைகள் எங்கே தடுக்குவார்கள், எதனால், என்ன காட்டினால் விளங்கும் என்று பேசும் கையேட்டைத் தேடுங்கள். வீடியோ பாடங்கள் இருந்தால் பிள்ளைக்கு முன் நீங்கள் பாருங்கள். மேத்-யூ-சீயில் வீடியோவைப் பெற்றோர் பார்ப்பது முறையின் ஒரு பகுதியே.

5. கையால் தொட்டு, படமாகப் பார்த்து, பிறகு குறியீட்டுக்கு வரும் வரிசை பாடத்திட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். உளவியலாளர் ஜெரோம் புரூனரின் சிந்தனையை ஒட்டிய இந்த வரிசையைச் சிங்கப்பூர் உறுதியாகப் பிடித்துக்கொண்டது. அந்நாட்டுப் பாடத்திட்ட மேம்பாட்டு நிறுவனம் 1980-இல் தொடங்கப்பட்டது. 1982-இல் அதன் தொடக்கநிலைக் கணிதப் புத்தகங்கள் வந்தன. 1995-இல் நடந்த டிம்ஸ் என்ற பன்னாட்டுக் கணித, அறிவியல் ஆய்வில் நான்காம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இரண்டிலும் கணிதத்தில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றது. அதன்பிறகுதான் அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்கள் அந்தப் புத்தகங்களைத் தேடி வாங்கத் தொடங்கின.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது பட்டைப் படம். மாலாவிடமும் குமாரிடமும் சேர்த்து 48 கோலிகள். மாலாவிடம் 12 அதிகம். ஆளுக்கு எத்தனை? எக்ஸ் என்று வைத்துக்கொள்ளத் தெரியாத பிள்ளை இரண்டு பட்டை வரைகிறது, மாலாவின் பட்டையில் 12 நீளம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை வெட்டினால் மிச்சம் 36, இரண்டு சமபங்கு. குமாருக்கு 18, மாலாவுக்கு 30. பின்னாளில் இயற்கணிதம் வரும்போது இந்தப் பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்காது.

பொருள்களுக்காகப் பெரிய பெட்டி வரவழைக்கவேண்டியதில்லை. பத்து பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகள், புளியங்கொட்டை, ஓர் ஆணிமணிச்சட்டம், பின்னத்துக்குக் காகிதம். பணம் இருந்தால் குசினேர் குச்சிகள் வாங்குங்கள். ஒன்று முதல் பத்து செண்டிமீட்டர் வரை, நீளத்துக்கு ஒரு நிறம். பெல்ஜிய ஆசிரியர் ஒருவர் கண்டுபிடித்தது, இன்றும் அதற்கு ஈடில்லை.

6. இன்று பத்தும் சரி என்பதைத் தேர்ச்சி என்று எண்ணிவிடாதீர்கள். முழுத்தேர்ச்சி முறையின் உண்மையான பலவீனம் இதில்தான் இருக்கிறது. விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். ஒரு மாதம் பெருக்கலே செய்யும் பிள்ளைக்கு ஒவ்வொரு கணக்கையும் படிக்காமலே பெருக்கத் தோன்றும். விடை சரியாக இருக்கும், யோசனை நடந்திருக்காது. ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் நான்கு வகைக் கன அளவுக் கணக்குகளை வகைவாரியாகப் பயின்றார்கள், மற்றவர்கள் கலந்து பயின்றார்கள். பயிலும்போது வகைவாரியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு, கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் கலந்து பயின்றவர்கள் 63, வகைவாரியாகப் பயின்றவர்கள் 20.

ஆகவே உங்கள் பாடத்திட்டத்தில் பழைய பாடங்கள் கலந்த மீள்பயிற்சி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேத்-யூ-சீயில் ஒவ்வொரு பாடத்திலும் முதல் மூன்று தாள் புதியது, அடுத்த மூன்று பழையதும் கலந்தது. அப்படி இல்லாத புத்தகமானால் நீங்களே தினமும் நான்கைந்து பழைய கணக்குகளைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். விமானப்படை அதிகாரியாக இருந்து ஆசிரியரான ஜான் சாக்சன் இந்தக் கலந்த மீள்பயிற்சியையே அடிப்படையாக வைத்துத் தன் புத்தகங்களை அமைத்தார். அவருடையது முழுத்தேர்ச்சி முறை இல்லைதான், ஆனாலும் அவரிடம் நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது உண்டு.

எப்போது அடுத்த பாடம் என்று கேட்டால், என் அளவுகோல் இது. பிள்ளை தானாகச் செய்யவேண்டும். ஏன் என்று சொல்லவேண்டும். அந்தக் கணக்குக்கு ஒரு கதை சொல்லவேண்டும். இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பின்றிக் கேட்டாலும் வரவேண்டும்.

7. வாய்ப்பாடு மனப்பாடமாக வேண்டும். புரிந்தால் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஏழெட்டு என்றால் ஐம்பத்தாறு என்று உடனே வராத பிள்ளைக்குப் பின்னத்தைச் சுருக்குவது நரகம். தோரு குமோன் 1954-இல் தன் மகனுக்காக எழுதிய தாள்களிலிருந்து வளர்ந்த குமோன் முறை இந்த வேகப் பயிற்சிக்கு உதவும். அதையே முழுக் கணிதமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

8. எந்தப் பதிப்பு என்று பாருங்கள். அமெரிக்கப் பதிப்பில் அங்குலம், பவுண்டு, டாலர் வரும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மெட்ரிக் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். எதுவானாலும் லட்சம், கோடி, அவற்றுக்குக் காற்புள்ளி வைக்கும் விதம் இவற்றை நீங்கள்தான் தனியே சொல்லித்தரவேண்டும்.

9. பணம் இல்லை என்பதற்காக இந்த முறையைக் கைவிடவேண்டாம். மரியா மில்லரின் மேத் மேமத்தில் விளக்கமும் பயிற்சியும் ஒரே புத்தகத்தில் இருக்கும், பிடிஎஃப்பாக வாங்கி அச்சிட்டுக்கொள்ளலாம், தலைப்புவாரியாகத் தனித்தனியாகவும் கிடைக்கிறது. அதுவும் முடியாவிட்டால் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கும் நம் பாடநூல்களையே எடுத்து, மூன்று பருவங்களிலும் உள்ள எண்கள் அலகுகளை ஒன்றாகத் தைத்துவிடுங்கள். அடுத்த வகுப்பின் எண்கள் அலகையும் சேர்த்தால் ஓர் ஆண்டுக்கான முழுத்தேர்ச்சிப் பாடத்திட்டத்தின் முதுகெலும்பு கிடைத்துவிடும். பயிற்சிக் கணக்குகள் போதாமல் இருக்கும், அவற்றை மட்டும் வெளியே தேடுங்கள்.

10. நிற்பதும் தேங்குவதும் வேறு. மூன்று வாரமாக ஒரே இடத்தில் பிள்ளை திணறினால் அதே தாளை மறுபடி அச்சிடாதீர்கள். ஒரு படி கீழே இறங்கி, பொருளை மறுபடி கையில் கொடுங்கள். அதோடு கடிகாரம், வடிவியல், அளவை என்று அந்தத் தடையைத் தொடாத ஒன்றைக் கூடவே நடத்துங்கள். பிள்ளைக்குக் கணக்கில் ஏதாவது ஒன்று அன்றாடம் சரியாக வரவேண்டும், இல்லாவிட்டால் மனம் உடைந்துபோகும். பாடத்திட்டத்தை மாற்றுவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போதெல்லாம் வரிசை கலைந்து ஏதாவது ஒரு கருத்து விடுபட்டுப்போகிறது.

11. வேகமாகப் பிடிக்கும் பிள்ளையை வேகமாக ஓட்டாதீர்கள், ஆழமாக இறக்குங்கள். பீஸ்ட் அகாடமி என்ற படக்கதைப் புத்தக வரிசை அவர்களுக்கு ஏற்றது. அதன் கணக்குகள் பெரியவர்களையும் உட்காரவைக்கும்.

12. தேர்வு எப்போது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு நிதானமாக இருங்கள். இந்தியாவில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையாக ஏ, பி, சி என்ற நிலைகளும் அங்கே உண்டு. பத்து வயதில் பின்னத்துக்காகக் கூடுதலாக ஆறு மாதம் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கும் அதற்குள் போதிய காலம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வளவு இடைவெளி இல்லை. 2003 முதல் அங்கே தொடக்கக்கல்வி கட்டாயம். விலக்கு வாங்கி வீட்டில் படிக்கும் பிள்ளையும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியாகவேண்டும். அங்கே இருப்பவர்கள் தேர்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துப் பின்னம், விகிதம், சதவீதம் இந்த மூன்றிலும் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்த்து, மீதமுள்ள மாதங்களை அந்த மூன்றுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள்.