வண்டியை வீட்டில் கழுவி எண்ணெய் விட்ட பிறகு பிரேக் பிடிக்கலையா?



பால் ஊற்ற, குழுப் பணத்தை வங்கியில் கட்ட, பிள்ளையைப் பள்ளியில் விட என்று நம்மில் பலர் இப்போது வண்டி ஓட்டுகிறோம். 2018-ல் அரசு 25,000 ரூபாய் வரை மானியம் தந்தபோது வாங்கியவர்கள் உண்டு. குழுக் கடனில் வாங்கியவர்களும் உண்டு. காசு மிச்சமாகட்டும் என்று சின்னச் சின்ன வேலையை வீட்டிலேயே பார்த்துக் கொள்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு பிரேக்கைப் பார்க்காமல் கிளம்பினால் என்ன ஆகும்?

பால் ஊற்றும் அக்கா ஒருத்தர் சனிக்கிழமை சாயங்காலம் மொபெட்டைக் கழுவினார். செயினுக்குத் தாராளமாக எண்ணெய் விட்டார். மறுநாள் விடியற்காலை இரண்டு கேன் பாலோடு கிளம்பினார். ஏரிக்கரை இறக்கத்தில் பின் பிரேக்கை அழுத்தினால் வழுக்கிக்கொண்டே போகிறது. நல்லவேளை, முன் பிரேக்கை மெதுவாகப் பிடித்து வேலியோரம் மண்ணில் இறக்கி நிறுத்திவிட்டார். பால் முழுவதும் கொட்டிப் போனது. உயிர் தப்பியது. "நான் வண்டிக்கு நல்லதுதானே செஞ்சேன்?" என்று கூட்டத்தில் கேட்டார். அதற்குப் பதில்தான் இந்தப் பாடம்.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

சக்கரத்தின் நடுவில் வட்டமான டிரம் இருக்கிறது. அதற்குள்ளே பிறை போல இரண்டு பிரேக் கட்டைகள் இருக்கும். நாம் பிரேக்கை அழுத்தினால் கேபிள் அல்லது கம்பி இழுக்கும். கட்டைகள் விரிந்து டிரம்மின் உள்பக்கம் உரசும். அந்த உரசலில்தான் வண்டி நிற்கிறது. உரசும் இடத்தில் எண்ணெயோ தண்ணீரோ பட்டால் பிடி போய்விடும். ஈரத்தரையில் வழுக்குகிற செருப்பு மாதிரிதான்.

என்ன கோளாறு, என்ன செய்யலாம்?

1. கழுவிய பிறகு பிடிக்கவில்லை: டிரம்முக்குள் தண்ணீர் போயிருக்கும். ஆள் இல்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாகப் பலமுறை அழுத்துங்கள். சூட்டில் ஈரம் காய்ந்து பிடி திரும்ப வந்துவிடும். ராத்திரி ஈரத்தோடு நிறுத்திய வண்டி காலையில் கீச்சென்று சத்தம் போட்டால் லேசான துருவாக இருக்கலாம். சில தடவை அழுத்தினால் போய்விடும். சத்தம் நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

2. எண்ணெய் விட்ட பிறகு வழுக்குகிறது: அந்த அக்காவுக்கு நடந்தது இதுதான். அதிகமான எண்ணெய் செயினிலிருந்து தெறித்து டிரம் பக்கம் இறங்கிவிட்டது. எண்ணெய் குடித்த கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் பயன் இல்லை. உள்ளே ஊறிய எண்ணெய் சூட்டில் மறுபடி வெளியே வரும். கட்டையை மாற்றி, டிரம்மைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். அடுத்த முறை செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்து விடுங்கள்.

3. செயினை இறுக்கிய பிறகு வண்டி இழுக்கவில்லை: செயினை இறுக்கும்போது பின்சக்கரம் பின்னால் நகர்கிறது. அதோடு பிரேக் கம்பியும் இழுபட்டு, கட்டை எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், டிரம் கொதிக்கும். அதனால் செயினைத் தொட்டால் பின் பிரேக்கையும் சரி பார்க்க வேண்டும்.

4. அழுத்தினால் ஆழமாகப் போகிறது: பிரேக் தளர்ந்திருக்கிறது. கம்பி முனையில் உள்ள நட்டை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்புங்கள். நட்டின் குழி ஊசியின்மேல் சரியாக உட்கார வேண்டும். பொதுவாகப் பெடல் 2 முதல் 3 சென்டிமீட்டரும், கை லிவர் நுனியில் 1 முதல் 2 சென்டிமீட்டரும் சும்மா ஆடலாம். உங்கள் வண்டிக் கையேட்டில் போட்டிருக்கும் அளவே கடைசி. பல வண்டிகளில் டிரம் பக்கம் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுசாக அழுத்தும்போது அம்பு கோட்டைத் தொட்டால் கட்டை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இன்னும் இறுக்கிப் பயனில்லை.

5. டிஸ்க் பிரேக் உள்ள வண்டி: டிஸ்க் தட்டில் எண்ணெய், பாலிஷ் எதுவும் படக்கூடாது. பேடு மாற்றிய பிறகு முதல் தடவை லிவர் கைப்பிடி வரை போய்விடும். வண்டியை நகர்த்தும் முன்பே லிவர் கெட்டியாகும் வரை பலமுறை அழுத்துங்கள். கெட்டியாகாமல் பஞ்சு மாதிரி இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது. அது மெக்கானிக் வேலை. பிரேக் ஆயில் தொட்டியில் இன்ஜின் ஆயில் ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் கெட்டு பிரேக்கே போய்விடும்.

கிளம்பும் முன் இரண்டு நிமிடச் சோதனை

* இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிரேக்கை அழுத்தினால் உடனே நிற்க வேண்டும்.
* பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும்.
* வாசலிலேயே நடை வேகத்தில் ஓட்டி முன் பிரேக், பின் பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள்.
* இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிள்ளையையோ பால் கேனையோ ஏற்ற வேண்டும்.

நாமே செய்யக் கூடாதவை

டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய கட்டைகளில் கல்நார் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் கம்பியின் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். அது கழன்றால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஸ்கூட்டர்கள் பலவற்றில் இடது லிவரைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் பிரேக் விழும். அந்த இணைப்பைத் தெரியாமல் திருகாதீர்கள்.

மெக்கானிக்கிடம் போகும்போது "பிரேக் சரியில்ல" என்று மட்டும் சொல்லாமல், "நேத்து செயினை இறுக்கினேன், அதுக்கப்புறம் உரசுது" என்று விவரமாகச் சொல்லுங்கள். வேலையும் சீக்கிரம் முடியும், தேவையில்லாத செலவும் வராது.

கூட்டத்தில் பேசிப் பார்ப்போம்

1. செயினை இறுக்கினால் பிரேக் ஏன் மாறுகிறது?
2. எண்ணெய் பட்ட கட்டையை ஏன் மாற்ற வேண்டும்?
3. வண்டி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு வண்டியோடு வரட்டும். இரண்டு நிமிடச் சோதனையை எல்லோரும் செய்து பார்க்கலாமே!