முதல் நியமனத்திற்கு வழி

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மலையகப் பிள்ளைகள் பலர் ஆசிரியர் நியமனத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். அதே வேளையில் நமது தோட்டப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்கப் போதிய ஆசிரியர்கள் இல்லை. ஏன் இந்த முரண்பாடு?

காத்திருப்போரில் பலர் கலைப் பட்டதாரிகள். தோட்டங்களை அண்டிய பல பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே கிடையாது. இருப்பதைத்தான் பிள்ளைகள் படித்தார்கள். ஆகவே, சாதாரணதரப் பெறுபேறு வந்து பாடத்தெரிவு செய்யும்போதே முதல் நியமனமும் பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது.

பட்டம் பெற்றோர் கவனிக்க வேண்டியவை: 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி மாகாண சபைகள் அமைந்தன. தேசிய பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழும் ஏனைய அரச பாடசாலைகள் மாகாணத்தின் கீழும் இயங்குகின்றன. எனவே வர்த்தமானியையும் மத்திய மாகாணத்தின் அறிவித்தல்களையும் தவறாது பாருங்கள். பாடம், மொழிமூலம், வயதெல்லை மூன்றையும் சரிபார்த்து விண்ணப்பியுங்கள். காத்திருக்கும் காலத்தில் லயத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துங்கள். கற்பிக்கும் பழக்கம் கைவரும்.

கலந்துரையாட:
1. நமது பாடசாலையில் எந்தப் பாடத்திற்கு ஆசிரியர் இல்லை?
2. அருகில் ஓர் உயர்தர விஞ்ஞானப் பிரிவைக் கோர, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாக நாம் என்ன செய்யலாம்?