காதால் கேட்ட பேய்கள்

இரண்டாமாண்டு இயற்பியல் மாணவன், இளம்பிள்ளை

"படிக்கிற வயதில் பேய்க்கதை எதற்கு?" என்று என்னைக் கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஒளியியல் பற்றி எழுதலாமென்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் கடந்த ஓராண்டாக என் காதுக்குள் ஓடிக்கொண்டிருப்பது ஒளியியல் அன்று. ஆகவே அதையே எழுதத் துணிந்தேன். பேராசிரியப் பெருமக்களும் மாணவத் தோழர்களும் பொறுத்தருள்க.

கஞ்சமலையைப் பார்த்தபடி சேலை நெய்து வாழும் ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் இரண்டு விசைத்தறிகள், கூலி நெசவு. கல்லூரி விட்டு வந்ததும் தார் சுற்றுவது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நானே முதல்வன். வீட்டில் புத்தக அலமாரி இல்லை; தனியறை என்பதும் இல்லை. பாவும் கோன்களும் போக மீதமுள்ள இடத்தில்தான் நாங்கள் ஐந்து பேரும் படுக்கிறோம். இந்நிலையில் எனக்குக் கிடைத்த தனியறைதான் ஒலிநூல். ஒரு நூலை ஒருவர் முழுவதும் வாசித்துப் பதிவு செய்து வைத்திருப்பார். கைப்பேசியில் அதை இறக்கிக் கொண்டால் போதும். ஒரு காதில் மட்டும் காதுக்கருவியைச் செருகிக் கொள்வேன். மற்றொரு காது நூல் அறுந்தால் அறிய வேண்டுமல்லவா? முதலில் ஆங்கிலம் பிடிபடவில்லை. வாசிப்பின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, ஒரே அத்தியாயத்தை மூன்று முறை கேட்டேன். வகுப்பில் எனக்கு வராத ஆங்கிலம் தார் சுற்றும்போது வந்தது.

வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார். அவர் பேய்க்கதையை நினைத்து அதனை வகுக்கவில்லை என்பது எனக்கும் தெரியும். இருப்பினும் ஓர் இயற்பியல் மாணவனாக ஒன்று சொல்வேன். கண்ணுக்கு இமை உண்டு, செவிக்கு இல்லை. ஓர் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை, அது இரு செவிகளையும் வந்தடையும் கால வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும் கொண்டே மூளை கணிக்கிறது. காதிலேயே கருவியைச் செருகிவிட்டால் அக்கணக்குக் குலைந்து போகிறது. கதை சொல்பவர் எதிரே இருப்பதாகத் தோன்றாமல், நம் தலைக்குள்ளேயே உட்கார்ந்து பேசுவதாகத் தோன்றுகிறது. இதனை நினைவில் வையுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

நான் முதலில் கேட்டது 'கார்மில்லா'. ஷெரிடன் லெ ஃபானு என்ற அயர்லாந்து எழுத்தாளர் எழுதி 1872-ல் நூலாக வந்தது. 'டிராகுலா' வருவதற்கு 25 ஆண்டுகள் முந்தியது. பதிப்புரிமை முடிந்துவிட்டதால் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிந்து இலவசமாகவே வழங்குகிறார்கள். ஆஸ்திரிய நாட்டின் தனித்த மாளிகை ஒன்றில் தாயில்லாமல் வளரும் லாரா என்ற பெண்ணிடம் விருந்தாளியாக வருகிறாள் கார்மில்லா. அவள் இரத்தம் குடிக்கும் பேய். அவளுக்கு லாராவின்மேல் வெறும் பசி மட்டுமன்று, காதலும் இருக்கிறது. முடிவில் தந்தை, தளபதி, மருத்துவர், குரு எனப் பெரியவர்கள் கூடுகிறார்கள். கல்லறையைத் திறந்து கார்மில்லாவை அழிக்கிறார்கள். லாராவின் நன்மைக்காகத்தான் எல்லாம் நடக்கிறது. லாராவைக் கேட்டவர்தாம் ஒருவருமில்லை. ஆண்டுகள் பல கழிந்த பிறகும் கதவருகே அவள் காலடி ஓசை கேட்பதாகத் தோன்றுகிறது என்று லாரா சொல்லி முடிக்கும்போது, எனக்குத் தார் நின்றுபோனதே தெரியவில்லை.

ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் விரும்புவோர், பிறந்தபோது பிறர் குறித்த பாலினத்தில் அடங்காதோர் ஆகியோரைப் பால்புதுமையர் என்று இன்று தமிழில் வழங்குகிறோம். அவர்களைப் பற்றிய திகில் கதைகள் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. பழைய கதைகளில் அவர்களே பேய்கள். புதிய கதைகளில் இது தலைகீழாகிவிட்டது. சக் டிங்கிள் என்ற புனைபெயரில் எழுதுபவரின் 'கேம்ப் டமாஸ்கஸ்' 2023-ல் வந்தது. அதன் நாயகி ரோஸுக்கு வயது 20, என் வயதுதான். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஒரு மதக்குழுவின் கட்டுப்பாட்டிலுள்ள ஊரில் வளர்கிறாள். பெண்ணை விரும்பும் பெண்ணை 'மாற்றி' அனுப்பும் முகாம் ஒன்று அவ்வூரில் உண்டு. நூற்றுக்கு நூறு வெற்றி என்பது அதன் விளம்பரம். ஒருநாள் ரோஸ் வாயிலிருந்து ஈக்கள் வந்து விழுகின்றன. பெற்றோர் பதறாமல் அதைத் துடைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர முயல்கிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு உடல் சிலிர்த்தது. ஈயைக் கண்டு அன்று, அந்தப் பெற்றோரின் நிதானத்தைக் கேட்டு.

இத்தகைய குழுக்கள் எப்படி ஆளை வசப்படுத்துகின்றன என்பதை ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் ஆராய்ந்தார். சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்தத்துக்கு' ஆளாக்கப்பட்டு வெளிவந்தவர்களை ஹாங்காங்கில் சந்தித்துப் பேசி, 1961-ல் நூல் வெளியிட்டார். அவர் கூறும் அடையாளங்கள் எட்டு. எட்டையும் இங்கு அடுக்கித் தேர்வுக்குப் படிப்பது போலாக்க விரும்பவில்லை. எனக்கு உறைத்தவை மூன்று. வெளிச்செய்தி உள்ளே வராமல் தடுப்பது. எல்லாவற்றையும் கூட்டத்தின் முன் ஒப்புக்கொள்ளச் செய்வது. சிந்தனையை நிறுத்திவிடும் சில சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வது. முடிவில் குழுவின் குரலே அவன் சொந்தக் குரலாகிவிடுகிறது. தலைக்குள் உட்கார்ந்து பேசும் குரல் என்றேனே, அது இதுதான். காதுக்கருவியை நாம் கழற்றிவிடலாம். அவர்களால் முடியாது.

மாற்றிவிடுகிறோம் என்று கூறி அமெரிக்காவில் 1976 முதல் இயங்கிய பேரமைப்பு 'எக்ஸோடஸ் இன்டர்நேஷனல்'. 2013-ல் அதன் தலைவரே பாதிக்கப்பட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்டு அமைப்பை மூடினார். இதையெல்லாம் கேட்டபோது, "வெள்ளைக்காரன் ஊரில் என்னென்னவோ நடக்கிறது" என்று நானும் நினைத்தேன். நம் நீலி கதையை மீண்டும் கேட்கும் வரையில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

'நீலிக் கண்ணீர்' என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை அது. திருஞானசம்பந்தரின் தேவாரமே இக்கதையைச் சுட்டுகிறது என்பர் அறிஞர். முற்பிறப்பில் கணவனால் கொல்லப்பட்ட பெண் பேயாகி, வணிகனாகப் பிறந்திருக்கும் அவனைத் தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, "இவர் என் கணவர், எங்களைக் கைவிட்டுப் போகிறார்" என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மரிடம் அழுகிறாள். "இவள் என் மனைவியல்லள், பேய்" என்று வணிகன் கதறுகிறான். குழந்தையோ அவனை அப்பா என்கிறது. எழுபது பெரியவர்களும் அவனிடமிருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, "உனக்கு ஒன்று நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்களித்து, அவளுடன் ஓரறையில் தங்கச் செய்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீப்பாய்ந்தார்கள்.

இக்கதையை வாய்மை காத்த வேளாளரின் பெருமையாகவே சிறுவயதில் கேட்டேன். அப்பெருமையை நான் மறுக்கவில்லை. கொலை செய்தவனுக்காகக் கண்ணீர் வடிக்கவும் சொல்லவில்லை. ஆனால் இம்முறை என் காதில் விழுந்தது வேறு. தனக்கு எது அச்சம் என்று ஒருவன் வாய்விட்டுச் சொல்கிறான். கணவன், மனைவி, குழந்தை என்ற தோற்றம் சரியாக இருப்பதால், எழுபது நல்லவர்களும் அவன் சொல்லை நம்பவில்லை. அவர்களில் ஒருவரும் தீயவர் அல்லர். அதனால்தான் அவனுக்குத் தப்ப வழியில்லாமற் போயிற்று.

'காஞ்சனா' திரைப்படம் (2011) நம்மில் பலர் பார்த்ததே. வீட்டாரால் விரட்டப்பட்ட திருநங்கை ஒருத்தி, ஓர் இசுலாமியப் பெரியவரின் ஆதரவில் வாழ்ந்து, நிலத்துக்காகக் கொல்லப்பட்டுப் பேயாகிறாள். அப்பேய் புகுந்த நாயகன் சேலை உடுத்தும்போது கொட்டகை சிரித்தது. சரத்குமார் காஞ்சனாவாக வந்து கதை சொல்லும்போது அதே கொட்டகை அழுதது. சேலையை நெய்து உலகுக்கு அனுப்பும் ஊரில் பிறந்த எனக்கு, ஓர் ஆண் சேலையைத் தொட்டால் ஏன் சிரிக்கிறோம் என்ற கேள்வி அன்று வரவில்லை. நானும் சிரித்தேன். செத்துப் பேயான பின்தான் அவள் பேச்சை நாம் கேட்கிறோம் என்பதும் அன்று தோன்றவில்லை.

இனி எழுதப்போவதை எழுதலாமா கூடாதா என்று பல நாள் தயங்கினேன். நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது எங்கள் தெருவில் என் வயது நண்பன் ஒருவன் இருந்தான். அவன் நடையையும் பேச்சையும் வைத்துப் பையன்கள் கேலி பேசினார்கள். அவன் இன்னொரு பையனுக்கு எழுதிய கடிதம் வீட்டாரிடம் சிக்கியது. 'ஏதோ பிடித்திருக்கிறது' என்று பேச்சு எழுந்தது. பிடித்ததை இறக்க வெளியூரில் ஓரிடத்துக்கு அழைத்துப் போனார்கள். அவன் அம்மா என்னிடம் வந்து, "கண்ணு, நீயும் வா. நீ கூட இருந்தா அவன் அடங்குவான்" என்றார். போனேன். வேப்பிலை, மிளகாய்ப் புகை, பிரம்பு. அவன் திமிறியபோது கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். அவன் நன்மைக்கென்றே உண்மையாக நம்பினேன். "சொல்லு, யார் நீ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் தன் பெயரைச் சொல்லும் போதெல்லாம் அடி விழுந்தது. வேறொரு பெயரைச் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். எல்லாரும் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினோம். அடுத்த ஆண்டே அவன் பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அவ்வாண்டுகளிலேயே சட்டம் வேறு திசையில் நடந்துகொண்டிருந்தது என்பதை இப்போதுதான் அறிகிறேன். ஒருபாலினச் சேர்க்கையைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு, மனமொத்த வயதுவந்தோருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியதோ 1990-லேயே. நம் மாநிலத்தில் நடந்த வழக்கு இன்னும் நெருக்கமானது. மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்தனர். காணவில்லை என்ற புகாரின் பேரில் காவலர் விசாரணை தொடர, பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடினர். வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் தமக்கே சரிவரத் தெரியாது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் மாணவரைப் போல் அமர்ந்து பாடம் கேட்டார். அதன் பிறகே 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வது தடை செய்யப்பட்டது. அப்படி முயலும் மருத்துவர்மீது உரிமம் பறிப்பது வரை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் ஆணை கூறிற்று. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறென அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு, இம்மக்களைச் சுட்டும் மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவர் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கப் போனார் என்பதே இத்தனையிலும் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த எழுபதின்மருள் ஒருவராவது அப்படிக் கேட்டிருந்தால்! ஆயினும் உரிமம் உள்ள மருத்துவரைத்தான் உரிமம் பறித்துத் தடுக்க முடியும். வேப்பிலையும் பிரம்பும் வைத்திருப்பவருக்கு எந்த ஆணையம் உரிமம் கொடுத்தது, பறிப்பதற்கு? கையைப் பிடித்துக்கொள்ள வரும் நண்பனைத் தடுக்கச் சட்டத்தில் இடம் ஏது?

இந்தப் பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். வேலை செய்யும் ஊரில் நலமாகவே இருக்கிறானாம். இதனை எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பெயர் வேண்டாம், உன் பெயரைப் போட்டுக்கோ" என்று சிரித்தான். அன்று மாலை நான் தார் சுற்றும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நூலுக்காக விட்டுவைத்த காதைக் கொண்டு அவன் பேச்சைக் கேட்டேன். நீலி கதையைச் சொன்னேன். கேட்டு முடித்து, "அந்த அறைக் கதவை வெளியே தாழ் போட்டவன் யாருன்னு கதையில வருதா?" என்றான்.

"இல்லடா. எழுபது பேருன்னுதான் வருது" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் அறுந்திருந்த நூலை எடுத்து முடிபோட்டுக் கொடுத்தான்.