ஜாவா நிரல்மொழியும் தமிழ் மாணவரும்

"தமிழ் பயிலும் உமக்குக் கணினியின் மொழியில் என்ன வேலை?" என்று நண்பர் சிலர் எம்மை வினவுவதுண்டு. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களினின்று பொறியியல் கற்கச் சென்ற எம் தோழர் பலர் ஜாவா என்னும் நிரல்மொழியைப் பயில்கின்றனர். அவருட் சிலர் அதன் விதிகளை நெட்டுருச் செய்து, தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர். யாமோ அஃது எமக்கு எட்டாதென்று விலகி நிற்கின்றோம். இவ்விரண்டும் பிழை என்பதே ஈண்டு யாம் காட்டப் புகுவது.

கணினி செய்யவேண்டுவனவற்றை முறைப்பட எழுதிய கட்டளைத் தொகுதி நிரல் எனப்படும். அதனை எழுதுதற்குரிய மொழி நிரல்மொழி. முற்கால நிரல்மொழிகள் பெரும்பாலும் செயலையே முதன்மையாகக் கொண்டன. பொருளை முதன்மையாகக் கொள்ளும் நெறியை நார்வே நாட்டு அறிஞராகிய டால், நைகார்டு என்னும் இருவரும் தாம் ஆக்கிய சிமுலா 67 என்னும் மொழியிற் காட்டினர். ஸ்மால்டாக், சி++ என்பன பின்னர் அந்நெறியைத் தழுவின.

ஜாவா அவ்வழியில் வந்தது. 1991-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங், மைக் ஷெரிடன், பாட்ரிக் நாட்டன் ஆகியோர் வீட்டு மின்கருவிகளை இயக்குதற்பொருட்டு இம்முயற்சியைத் தொடங்கினர். காஸ்லிங்கின் அலுவலறைக்கு வெளியே நின்ற ஓக் மரத்தின் பெயரே முதலில் இதற்கு இடப்பட்டது. அப்பெயர் பிறருக்கு உரியதாயிருந்தமையால் ஜாவா என மாற்றப்பட்டு, 1995-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் இம்மொழி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. பெரம்பலூர் தனி மாவட்டமானதும் அதே ஆண்டிலேயாம். சன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் வசமாயிற்று.

ஜாவா விரைந்து பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. ஜாவா நிரல் ஒரு குறிப்பிட்ட கணினியின் மொழிக்கு நேரே பெயர்க்கப்படுவதில்லை. அஃது இடைநிலைக் குறிகளாக முதலில் மாற்றப்படும். அக்குறிகளை அந்தந்தக் கணினியிலுள்ள மெய்ந்நிகர்ப் பொறி ஏற்று நடத்தும். ஆதலின் ஒருமுறை எழுதியது பலவகைக் கணினியிலும் இயங்கும்.

இனி, பொருள்நோக்கு நெறியின் அடிப்படையைக் காண்போம். ஓரினத்தின் பொது இலக்கணத்தை வகுத்துரைப்பது வகுப்பு; அவ்விலக்கணப்படி அமைந்த தனி ஒன்று பொருள். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாகப் பகுத்ததை மாணவர் அறிவர். புல்லும் மரமும் உற்றறியும் ஓரறிவுயிர். நந்து முதலியன அதனோடு சுவையறிவும் கூடிய ஈரறிவுயிர். முன்னையதன் இயல்பனைத்தும் பின்னையதற்கு உரியவாக, ஒன்று மட்டும் மிகுகின்றது. இதனையே நிரலாளர் மரபுரிமை என்பர். தொல்காப்பியர் கணினி கண்டார் என்று யாம் சொல்லவில்லை. வகுத்தறியும் முறை நமக்குப் புதிதன்று என்பதே கருத்து.

இவ்வகுப்புகளுக்குப் பொருள் காட்ட நெடுந்தொலைவு செல்லவேண்டா. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரிலே கல்லாய்க் கிடக்கும், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடைய மரம், ஓரறிவு வகுப்பின் ஒரு பொருள். பண்டு கடலாயிருந்த அரியலூர் நிலத்திலே கல்லாகக் கிடைக்கும் நத்தை, ஈரறிவு வகுப்பின் ஒரு பொருள். இவை உயிரோடிருந்த காலத்தை எண்ணுக. 'உண்' என்னும் ஓர் ஏவலுக்கு மரம் வேரால் நீருண்டது. நத்தை வாயால் இரையுண்டது. ஏவல் ஒன்றாயினும் செயல் வகுப்புக்கேற்ப வேறுபடுதலைப் பல்லுருவாக்கம் என்பர். எவ்வாறு உண்டது என்னும் உள்வகையைப் பிறர் தொடாதவாறு பொருளுக்குள்ளேயே வைத்துக் காத்தல் உறைபொதியாக்கம் எனப்படும்.

அற்றேல், தமிழ் மாணவர்க்கு இதனாற் பயன் யாது? ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 'அரியலூர்' என்பதில் எழுத்து எத்தனை எனின், ஐந்து என்று பள்ளிச் சிறுவனும் கூறுவான். ஜாவாவின் சர வகுப்பிலே நீளத்தைக் கேட்டால் எட்டு என்று விடை வரும். 'பெரம்பலூர்' என்பதன் ஆறெழுத்தைப் பத்து என்னும். யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் துணைக்குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதே இதற்குக் காரணம். இதனை அறியாதான் ஒருவன் பெயரெழுதும் இடத்தை ஏழு குறிக்கு வரையறுத்தால், அரியலூர் புள்ளியிழந்து 'அரியலூர' என நிற்கும். இந்நிலையில் அசை பிரித்து யாப்பறியும் கருவியும் அகராதியும் எவ்வாறு செம்மையுறும்?

பிழை பொறியினுடையதன்று, அதற்கு நம் எழுத்திலக்கணத்தைக் கற்பியாத நம்முடையது. கற்பித்தற்கு வழியும் ஜாவாவிலேயே உண்டு. 'எழுத்து' என ஒரு வகுப்பை அமைத்து, உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்பவற்றை அதன் வழித்தோன்றல்களாக்கி, மாத்திரை கூறும் செயலை ஒவ்வொன்றிற்கும் தரலாம். ஜாவாவின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலமேயாயினும், வகுப்புக்கு யாம் இடும் பெயர் தமிழெழுத்திலேயே அமையலாம்.

இப்பணிக்கு நிரல் அறிந்தார் மட்டும் போதார். எழுத்ததிகாரம் அறிந்தாரும் வேண்டும். ஆதலின் பொறியியல் பயிலும் தோழர் விடுமுறைக்கு ஊர் வரும்போது, நாம் அவரோடு ஒரு திண்ணையில் அமர்வோமாக. அவர் வகுப்பை விளக்குக. நாம் மாத்திரையை விளக்குவோம். நம் ஊர்ப்பெயரைப் பொறி பிழையின்றி எண்ணும்வரை இருவர்க்கும் வேலை உண்டு.