சிறைக்குக் கூட்டிட்டுப் போனா பையன் திருந்துவானா?

இளையோர் முகாம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்த யோசனையைச் சொல்லிவிடுவார்: "குண்டர் கும்பல் பக்கம் சாயற பசங்கள ஒருநாள் சிறைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். பயந்து திருந்திடுவானுங்க." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள், அதுவும் பல தடவை.

1970களில் நியூஜெர்சியின் ராவே சிறையில் ஆயுள் கைதிகளே இப்படி ஒரு திட்டத்தை நடத்தினார்கள். வழிதவறும் பிள்ளைகளை உள்ளே வரவழைத்து, முகத்துக்கு நேரே கத்தி மிரட்டுவார்கள். அதைப் பற்றி 1978-இல் வந்த 'ஸ்கேர்ட் ஸ்ட்ரெயிட்' என்ற ஆவணப்படம் ஆஸ்கார் வாங்கியது. படத்தைப் பார்த்துப் பல மாநிலங்கள் அதே வழியில் இறங்கின.

அந்தோணி பெட்ரோசினோ என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒரு படத்தையோ ஓர் ஆய்வையோ நம்பாமல், இந்தக் கேள்விக்கு இதுவரை நடந்த எல்லா ஆய்வுகளையும் தேடி எடுத்தார்கள். இதற்குப் பெயர்தான் சிஸ்டமேட்டிக் ரிவியூ, தமிழில் முறைசார் மீளாய்வு. எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்ற விதியை முதலிலேயே எழுதிவைத்துவிட வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்று பிறகு ஒன்றைக் கழட்டிவிட முடியாது. அவர்கள் வைத்த விதி: சிறைக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்று இரண்டு குழு இருக்க வேண்டும், யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் போலப் பாரபட்சமில்லாமல் பிரித்திருக்க வேண்டும்.

தேறியவை 9 ஆய்வுகள். மொத்தம் ஏறக்குறைய 1,000 இளையோர். முடிவு என்ன தெரியுமா? சிறைக்குப் போய் வந்தவர்கள்தான் பிறகு அதிகமாகக் குற்றம் செய்தார்கள். சும்மா விட்டிருந்தாலே நல்லா இருந்திருக்கும்! 2002-இல் வெளிவந்த இந்த மீளாய்வை 2013-இல் புதுப்பித்தபோதும் முடிவு மாறவில்லை.

நான் பொறியியல் மாணவன். எங்கள் துறையில் கான்கிரீட் ஊற்றும்போது மாதிரிக் கட்டிகள் எடுத்து, 28-ஆம் நாள் நசுக்கிப் பார்ப்போம். தாங்கிய கட்டியின் கணக்கை மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்த மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போட மாட்டார். மனிதர்கள் விஷயத்தில் மட்டும் நாம் அதைத்தானே செய்கிறோம்? திருந்திய ஒரு பையனை மேடையேற்றிப் பேச வைக்கிறோம். திருந்தாதவன் மேடைக்கே வருவதில்லை. முகாமுக்கு வராமலே, வயசு ஏற ஏறத் தானாக அடங்கியவனையும் யாரும் எண்ணுவதில்லை.

நமக்கு நெருக்கமான தியானத்தையும் இதே சல்லடையில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2014-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 18,753 பதிவுகளைச் சலித்து, 3,515 பேர் பங்குகொண்ட 47 ஆய்வுகளை எடுத்தது. மனப்பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை ஓரளவு குறைகின்றன. ஆனால் உடற்பயிற்சியையோ மருந்தையோ விட மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை. தூக்கம், கவனம் பற்றிச் சொல்லவும் போதுமான ஆதாரம் கிடைக்கவில்லை. பலன் தெரிந்தது பெரும்பாலும் மைண்ட்ஃபுல்னஸ் வகைப் பயிற்சியில்; மந்திரம் சொல்லிச் செய்யும் தியானத்துக்கு ஆய்வுகளே குறைவு. அடுத்து எதை ஆராய வேண்டும் என்பதும் இங்கேதான் தெரிகிறது. உளவியல் படிக்கிற நம்ம பிள்ளைகள் யாராவது ஜபத்தை எடுத்து ஆராயலாமே! சாமி கும்பிட ஆய்வுக் கட்டுரை வேண்டாம். 'கவனம் கூடும்' என்று போஸ்டர் அடித்தால் மட்டும் கட்டாயம் வேண்டும்.

மருத்துவத்துக்குக் காக்ரேன், கல்வி, குற்றத்தடுப்பு போன்ற சமூகத் துறைகளுக்குக் கேம்பெல் என்று இரண்டு அமைப்புகள் இந்த மீளாய்வுகளை வெளியிடுகின்றன. எளிய சுருக்கங்களை இலவசமாகவே படிக்கலாம். அடுத்த முகாமுக்கு மண்டபம் பதிவு செய்வதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து தேடினால் போதும். 40 இடத்துக்கு 80 பேர் விண்ணப்பித்தால் சீட்டுக் குலுக்கி எடுப்போம். இடம் கிடைக்காத 40 பேரின் தொலைபேசி எண்ணையும் பத்திரமாக வைத்திருந்து, ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரிப்போம்.